கச்சான்காரிக்கு ஒரு செபமாலை

11 ஆகஸ்ட் 2006, வெள்ளி

வேலையால் வந்து காலை நீட்டினேன். தலைக்கு மேலே டக், டக், டக்.

மச்சாள் குசினிக்குப் போகிறார். டக், டக். மச்சாள் குசினியால் வருகிறார். செத்துப்போன என் மனுசன் யோசப்பின் தமக்கை றீற்றா. எனக்கு நேர் மேல்மாடி. ஹனோவரில் வீட்டுக்குள்ளே மரச்செருப்புப் போட்டு நடக்கும் ஒரே யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை இவராகத்தான் இருக்கும். முழங்கால் நோவுக்கு நல்லதென்று டொக்டர் சொன்னாராம். எந்த டொக்டர்? என் தலையிடியில் பிழைக்கிற டொக்டராக்கும்.

மனுசன் போய் ஒன்றரை வருசம். மனுசன்தான் போனார், செருப்புச் சத்தம் போகவில்லை.

பின்னேரம் பென்ஜமின் அண்ணை போன் எடுத்தார். விமான ரிக்கற் கடை வைத்திருக்கிறவர். வருசத்தில் ஒருமுறை கத்தோலிக்கச் சனத்தை ஏற்றிக்கொண்டு யாத்திரை பஸ் விடுவார். புண்ணியத்துக்கு என்பார், சீற் ஒன்றையும் புண்ணியத்துக்குத் தரமாட்டார். இந்த முறை இத்தாலி. முதலில் பதுவை அந்தோனியார், அதன்பிறகு ஜெனோவா என்ற பழைய துறைமுகப் பட்டினம். அங்கே மலைமேல் மாதாவுக்குப் பெருநாளாம்.

"அக்கா, ஒரு சீற் மிச்சம் கிடக்கு. வாறியளோ?"

"ஆருக்குப் பக்கத்திலை?"

அண்ணை தொண்டையைச் செருமினார்.

"ஆருக்குப் பக்கத்திலை எண்டு கேட்டனான் அண்ணை."

"அது வந்து... றீற்றா அக்காவுக்குப் பக்கத்திலைதான். அதிலை ஒருத்தரும் இருக்கமாட்டினமாம்."

வரமாட்டேன் என்று வைத்துவிட்டேன். அல்ப்ஸ் மலையில் நடந்து போனாலும் போவேன்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

போகப்போகிறேன்.

பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் காதில் விழுந்தது. மச்சாள் இத்தாலிக்கு ஒரு நேர்த்தியோடு போகிறாராம். சேமக்காலை விசயம், அதாவது யோசப்பின் கல்லறை விசயம், தன் பக்கம் முடியவேண்டும் என்று மன்றாடப்போகிறாராம். இதை எனக்குச் சொன்ன ஆள் இடியப்பத்தை மென்றபடி சந்தோசமாகச் சொன்னாள். மற்றவள் வீட்டுச் சண்டை என்றால் எங்கள் சனத்துக்குச் சொதி தேவையில்லை.

சேமக்காலை விசயத்தை நினைத்தாலே பிறசர் ஏறுகிறது. எழுதினால் இறங்குகிறதோ பார்ப்போம்.

யோசப் செத்த அன்று நான் ஆஸ்பத்திரியிலேயே விழுந்துவிட்டேன். என்னையும் ஒரு கட்டிலில் போட்டுவிட்டார்கள். மகள் லவினியா எர்லாங்கனில் இருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள். சேமக்காலைக் கந்தோருக்குப் போனது மச்சாள். பக்கம் பக்கமாக இரண்டு பெட்டி வைக்கக்கூடிய இடம் எடுத்தார், கையெழுத்தும் வைத்தார். நான் போயிருந்தாலும் என்ன கிழித்திருப்பேன்? பதினெட்டு வருசமாக முதியோர் இல்லத்து உடுப்புத் தோய்க்கிற அறையில் வேலை. என் ஜெர்மன் "ஈரம்", "காய்ஞ்சிட்டுது", "கிழிஞ்சிட்டுது" என்ற மூன்றோடு நிற்கிறது.

இரண்டாவது இடம் எனக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பெண்சாதிக்கு இல்லாமல் பின்னை ஆருக்கு? இந்த மாசியில் ஆண்டுப் பூசைக்குச் சமைக்கும்போது, வெங்காயம் உரித்தபடி, உப்புப் போதுமோ என்று கேட்கிற குரலில் மச்சாள் சொல்கிறார்:

"மற்ற இடம் எனக்கடி. கையெழுத்து என்ரை. தம்பியும் என்ரை."

எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது சட்டப்படி அந்த மண் அவருடைய பொறுப்பு. கல் வைப்பதென்றாலும் அவர் சம்மதிக்கவேண்டும். கல்லில் என் பேருக்கு இடம் விட நான் கேட்டேன், தன் பேருக்கு விட அவர் கேட்டார். ஆகையால் கல்லே இல்லை. பக்கத்துக் கல்லறைகள் எல்லாம் மினுங்க, யோசப் இன்னும் மரச்சிலுவையோடு கிடக்கிறார், நேற்று வந்த ஆள் மாதிரி. அந்தச் சிலுவை உக்கிவிட்டது, எடுங்கள் என்று கந்தோரும் சொல்லிப்போட்டுது.

மச்சாள் ஒரு பக்கத்தால் மன்றாடினால் நான் மறுபக்கத்தால் மன்றாடவேண்டும். ஒருபக்கக் கதையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல அந்தோனியாரை விடக்கூடாது.

26 ஆகஸ்ட், சனி. பஸ்ஸில்

மச்சாள் யன்னல் பக்கம். நான் வழிப் பக்கம். இடையில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி, எல்லைச்சுவர் மாதிரி. கட்லட் மணக்கிறது. தரவில்லை.

"நீ குறட்டை விடுவியெண்டு தம்பி சொல்லுறவன்."

"நீங்கள் விடுற குறட்டை மேல்மாடியாலை எனக்குக் கேக்கும் மச்சாள்."

கசல் பட்டினம் தாண்டும்வரை நடந்த பேச்சு இவ்வளவுதான்.

சாரதி ஜெர்மன்காரன். உலகக் கிண்ண அரையிறுதியில் இத்தாலி அடித்த இரண்டு கோலையும் இன்னும் மன்னிக்கவில்லை. இத்தாலி எல்லை வந்ததும் வானொலியை நிறுத்திவிட்டான். இந்த பஸ்ஸில் எனக்குப் பிடித்த ஒரே மனிதன்.

27 ஆகஸ்ட், ஞாயிறு. பதுவை

அந்தோனியாரின் கல்லறையில் கையை வைத்து மன்றாடினேன். பக்கத்தில் இன்னொரு கை வந்து வைத்தது. பார்க்காமலே தெரியும். நான் கையைக் கொஞ்சம் முன்னே தள்ளினேன். அந்தக் கையும் முன்னே வந்தது. காவலாளி இரண்டு பேரையும் போகச்சொல்லிவிட்டான்.

28 ஆகஸ்ட், திங்கள். ஜெனோவா

இந்தப் பட்டினம் மனிதர் நடக்கக் கட்டினதில்லை. மலையில் இருந்து வீடுகளைக் கொட்டிவிட்டு, கடல் மட்டத்தில் நில் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒழுங்கைகள் ஓர் ஆளுக்கு மட்டும் அளவெடுத்தவை, எனக்கு அளவெடுக்கவில்லை. எதிரே மீன் பெட்டியோடு வந்தவன் சுவரோடு சுவராக ஒட்டி நின்று, என்னைப் பார்த்து, பெருமூச்சு விட்டுத் திரும்பி வந்த வழியே போனான். மேலே உடுப்புக் காய்கிறது. பதினெட்டு வருசம் உடுப்போடு மாரடித்தவள் விடுமுறைக்கு வந்தும் மற்றவன் உள்ளுடுப்புக்குக் கீழேதான் நடக்கிறேன்.

வழிகாட்டி டொறத்தி. மன்னார்ப் பிள்ளை, பிள்ளை என்றாலும் நாற்பதைத் தாண்டியவள். இங்கே ஒரு கிழவியைப் பராமரிக்கிறாள். கிழவியை இன்று மகனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "நாலு மணிக்கு நான் போயிடோணும். இல்லாட்டி மனிசி பூனைக்கு என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிடும்."

துறைமுகம் பெரிது. வெளிச்சவீடு, சீமான்களின் மாளிகைகள், கப்பல்கள். ஒரு காலத்தில் இந்தக் கடலுக்கே இவர்கள் விலை சொன்னார்களாம். இப்போது கரையில் ஐஸ்கிறீமுக்குச் சொல்கிறார்கள். நான் வாங்கினேன். மச்சாள் வாங்கவில்லை, யாத்திரையில் நாக்கை அடக்கவேண்டுமாம். கட்லட் எந்த நாக்கால் போனது?

பெரிய கோயிலில், யேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நாபக அருளப்பரின் சாம்பல் இருக்கிறது. ஒரு பெண்ணால் அவருடைய தலை போனபடியால் அந்தச் சிற்றாலயத்துக்குள் பெண்கள் போக முந்தித் தடை இருந்ததாம். நல்ல சட்டம். யோசப்புக்கும் அப்படியொன்று போட்டிருந்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்து அரைபடாமல் நிம்மதியாகப் படுத்திருப்பார்.

அதே கோயிலில் குண்டு ஒன்றும் நிற்கிறது. போன உலக யுத்தத்தில் இங்கிலாந்துக் கப்பல் அடித்தது, கூரையைத் துளைத்து விழுந்தும் வெடிக்கவில்லை. நன்றியாக வைத்திருக்கிறார்கள். எங்கள் பஸ் சனம் அதைச் சுற்றி நின்று பார்த்தது. எங்கள் கோயில்களுக்கு வந்தவை வெடித்தன. அந்த நேரத்தில் மட்டும் மச்சாளும் நானும் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன்பிறகு அவர் என் காலை மிதித்தார்.

இனித்தான் விசயம்.

ஊருக்குள் பஸ் நிறுத்த இடமில்லை. அதனால் டொறத்தி எங்களை ஊர் ஓரத்தில் இருக்கிற பெரிய சேமக்காலைக்குக் கூட்டிப்போனாள். எல்லோரும் வந்து பார்க்கிற இடமாம். பார்க்கத்தான் வேண்டும். மண்டபம் மண்டபமாகப் பளிங்குச் சிலைகள். செத்த மனுசனின் கட்டிலில் பெண்சாதி விழுந்து அழுகிறாள், கல்லில். சட்டையில் ஊசி குத்தின தையல்கூடத் தெரிகிறது. மரச்சிலுவையோடு கிடக்கிற என்னுடையவரை நினைத்து வயிறு எரிந்தது.

நானும் டொறத்தியும் கழிவறை தேடிப் போய்ப் பிந்திவிட்டோம். வந்து பார்த்தால், கூரை போட்ட நீள வழியில், ஒரு சுரூபத்தின் முன்னால் பஸ் சனம் முழுக்க முழங்காலில். நடுவில் மச்சாள். செபம் சொல்லிக்கொடுக்கிறது அவர்.

வயதான பெண்ணின் சுரூபம். சரிகை வைத்த சால்வை, பூவேலைப் பாவாடை, காதில் தோடு. இரண்டு கையிலும் நீளநீளமாக மணிமாலை தொங்குகிறது. காலடியில் ஆரோ பூவும் மெழுகுதிரியும் வைத்திருக்கிறார்கள். மாலை, திரி, பூ. எங்கள் சனத்துக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? நான் முன்னால் போயிருந்தால் நான்தான் முதலில் விழுந்திருப்பேன்.

டொறத்தி வாயைப் பொத்தினாள்.

"ஐயோ அக்கா! அது புனிதை இல்லை. கச்சான்காரி!"

"என்னது?"

"கோயில் பெருநாளுகளிலை கச்சான் கடலை மாதிரிக் கொட்டை வித்த மனிசி. கையிலை கிடக்கிறது செபமாலை இல்லையக்கா, நூலிலை கோத்த கொட்டை. மற்றது வடை மாதிரி ஒரு பணியாரம்."

கதையையும் சொன்னாள். நூறு வருசத்துக்கு முந்தி மழையிலும் வெயிலிலும் திருவிழாத் திருவிழாவாகத் திரிந்து விற்றவளாம். அவளைச் சொந்தக்காரர் மதிப்பதில்லை. ஒருமுறை வருத்தமாய்க் கிடந்தபோது கட்டிலைச் சுற்றி நின்று, அவள் கேட்கக்கேட்க, அவளுடைய பொருளைப் பங்கு போட்டார்களாம். மனிசி எழும்பிவிட்டாள். எழும்பினவள் நேரே போய், ஊரிலேயே பெரிய சிற்பியைப் பிடித்து, சீமான்களின் சிலைகளுக்கு நடுவில் தன்னை இப்படிச் செய்வித்து வைத்தாள். உயிரோடு இருக்கும்போதே!

"பொறுங்கோ, போய்ச் சொல்லிட்டு வாறன்," என்று டொறத்தி கிளம்பினாள்.

அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். "விடு பிள்ளை. செபத்தைக் குழப்பக்கூடாது."

"அக்கா, பாவம்!"

"பாவமெண்டால் நான் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுறன்."

போய்க் கடைசி வரிசையில் முழந்தாளிட்டேன். மன்றாட்டுமாலை நடக்கிறது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று எல்லாரையும்விட உரத்துச் சொன்னேன். யோசப் செத்த பிறகு இவ்வளவு பக்தியாக நான் செபித்ததில்லை. சிரிப்பை அடக்கினதில் கண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்தவள் உருகிப்போய் என் முதுகைத் தடவினாள்.

அப்போதுதான் மச்சாள் எழும்பி, தன் கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றி, சுரூபத்தின் காலடியில் வைத்து, எல்லோருக்கும் கேட்க மன்றாடினார்:

"தாயே, என்ரை தம்பிக்குப் பக்கத்திலை எனக்குக் கிடைச்ச இடம் எனக்கே நிலைக்கோணும். அதுக்குக் குறுக்கை நிக்கிறவைக்கு நல்ல புத்தி குடும்."

குறுக்கே நிற்கிறவை! பெண்சாதி நான் குறுக்கே நிற்கிறேன்! பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எடியே, இருபத்திமூண்டு வருசம் அந்த மனுசனுக்குச் சோறு போட்டவள் நானடி. அவரின்ரை காலுறையைத் தோய்ச்சவள் நான். நீ மேலை நிண்டு டக்கு டக்கெண்டு நடந்தனி!

கேள். நல்லாய்க் கேள். கச்சான்காரியிட்டைத்தானே கேக்கிறாய். கச்சான் தருவாள்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. ஹனோவருக்குப் போய், அடுத்த ஞாயிறு கோப்பியோடு எடுத்துவிடலாம். இப்பவே நாக்கு ஊறுகிறது.

29 ஆகஸ்ட், செவ்வாய்

பகிடி தங்கவில்லை. என் கையை விட்டுப் போய்விட்டது.

பெருநாள் மலைமேல். பூசை முடிந்து வெளியே வந்தால் வழிநெடுகக் கடை. ஒரு கடையில், கொழுக்கியில், வரிசையாகத் தொங்குகின்றன நூலில் கோத்த கொட்டைமாலைகள். அப்படியே அச்சு. அந்தக் கடைக்காரி ஒன்றைத் தூக்கி இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு கூவினாள்.

மச்சாள் நின்றார். செருப்புச் சத்தமே நின்றுவிட்டது.

"டொறத்தி, இஞ்சை வா. நேற்று நாங்கள் கும்பிட்டது ஆரடி?"

அரை நாள் லீவு கேட்டு வந்திருந்த டொறத்தி பொய் சொல்லத் தெரியாதவள். மன்னார் மடு மாதா பிள்ளை. எல்லாவற்றையும் கொட்டினாள். பென்ஜமின் அண்ணை சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். "நானும் முழந்தாளிலை நிண்டனான் அக்கா! கடைக்கு நல்ல வியாபாரம் வரோணுமெண்டு கேட்டனான்!" பஸ் சனம் முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கிறது. மச்சாளுக்குப் பேரும் வைத்துவிட்டார்கள்: கச்சான் மாதா சபைத் தலைவி. அந்தப் பேரை நான் வைத்திருக்கவேண்டும்!

மச்சாள் சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"உனக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சும் பின்னுக்கு நிண்டு கத்திக் கத்திச் செபிச்சனி."

"நீங்கள் கேக்கேல்லையே மச்சாள்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. கடைக்குத் திரும்பிப்போய்க் கொட்டைமாலை ஒன்று வாங்கி, மதில் ஓரத்து வாங்குப் பலகையில் குந்தி, கல்லால் குத்தி உடைத்துத் தின்னத் தொடங்கினார். கீழே ஜெனோவா, அதற்கப்பால் கடல், கப்பல்கள் எல்லாம் எறும்பு. நான் கொஞ்சம் தள்ளி மறு நுனியில் இருந்தேன். கால் நோ, வேறு வாங்கு இல்லை.

"சனம் சிரிக்கட்டும்," என்றார். "அந்த மனிசி என்ன பிழை செய்தவள்? தன்ரை இடத்தைத் தானே எடுத்தவள். நானும் அதைத்தான் செய்தனான்."

பார், எப்படித் திருப்புகிறாள்! நேற்றிலிருந்து நான் பொத்திப்பொத்தி வைத்த பகிடியை எடுத்து என் தலையிலேயே உடைக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது.

"அவள் மற்றவளின்ரை புருசனுக்குப் பக்கத்திலை இடம் எடுக்கேல்லை. தனியத்தான் நிக்கிறாள்."

மச்சாள் கொட்டையை உடைக்கிறதை நிறுத்தினார். கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"ஓம். தனியத்தான் நிக்கிறாள். நேற்று அதைத்தான் பாத்தனான். உனக்கு ஒரு பிள்ளை இருக்கு, எங்கை கிடந்தாலும் வந்து திரி கொளுத்துவாள். நான் இந்த நாட்டுக்கு முதல் வந்தனான். அவனைக் கூப்பிட்டனான். அவன் உன்னைக் கூப்பிட்டான். எனக்கு ஒருத்தரும் ஒருத்தரையும் கூப்பிடேல்லை. மேல்மாடியிலை தனிய நடந்தது காணாதோ? செத்தும் தனியக் கிடக்கச் சொல்லுறியோ?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவள் நான், தேடினேன், வரவில்லை. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீங்கள் செத்தால் உங்களைக் கொண்டுபோய் எங்கை வைக்கிறதெண்டு நிண்டு பாக்கப்போறது ஆர்? நான்தானே. அப்ப பாப்பம்."

"அதுக்குத்தான் உனக்கு முந்தி நான் சாகமாட்டன்," என்று எழும்பிவிட்டார். டக், டக், டக். மலை இறங்கும்வரை கேட்டது.

31 ஆகஸ்ட், வியாழன்

வீடு. வரும் வழி முழுக்க மச்சாள் கொட்டையை மட்டும் உடைத்துக்கொண்டிருந்தார். மியூனிக் தாண்டி என் மடியில் இரண்டு வந்து விழுந்தன. தவறி விழுந்தவையோ தந்தவையோ தெரியாது. தின்றேன். ஒன்று சூத்தை, கசந்தது.

3 செப்ரெம்பர், ஞாயிறு

கோப்பி நேரத்தில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். "பேர்பெச்சு அக்கா, கச்சான் மாதா கதையை நீங்கள் சொன்னால்தான் வடிவு." நான் எழும்பினேன். மச்சாள் மூலையில் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருக்கிறார். சீனி போடாமலே கலக்குகிறார்.

எனக்குத் தொண்டை நோ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என்ன பிடித்தது எனக்கு? இப்படிப் பகிடி ஒன்றை வீணாக்கினதாகச் சரித்திரமே இல்லை.

17 செப்ரெம்பர், ஞாயிறு

லவினியாவோடு போனில் ஒரு மணித்தியாலம். அவள் சைக்கிளில் போகிற சத்தம் கேட்டபடி. பேச்சுவாக்கில் கச்சான்காரிக் கதையையும் சொல்லிவிட்டேன். சிரித்தாள். பிறகு எஞ்சினியர் மூளையால் கேட்டாள்:

"அம்மா, ஒரு பெட்டி இடத்துக்கு மேலை சாம்பல் வைக்கிற ஊர்னயும் புதைக்க விடுவினம். கேட்டுப் பாத்தனீங்களோ?"

"சட்டியோ?"

"சட்டி இல்லையம்மா, ஊர்ன."

சாம்பல் போட்டு வைத்தால் சட்டிதான். கந்தோரில் அவளையே கேட்கச் சொன்னேன். ஓம், முடியுமாம். பெட்டி ஒன்று, அதற்கு மேல் சட்டி ஒன்று. மூன்று பேரும் ஒரே இடத்தில்.

ஆனால் ஆர் எரிவது?

2 நவம்பர், வியாழன். சகல ஆத்துமாக்களின் நாள்

சேமக்காலைக்கு நான் டிராமில் முன் பெட்டியில். அவர் பின் பெட்டியில். யோசப்பின் சிலுவை சரிந்துபோய், குடித்துவிட்டு நிற்கிற ஆள் மாதிரி. இரண்டு பேரும் இரண்டு பக்கம் திரி கொளுத்தினோம். காற்றுக்கு என் திரி அணைந்தது. அவர் தன் திரியில் இருந்து கொளுத்தித் தந்தார். நன்றி சொல்லவில்லை, கேட்கவுமில்லை.

சட்டி விசயத்தைச் சொன்னேன்.

"நான் எரியமாட்டன்," என்றார்.

"நானும் எரியமாட்டன். உங்களோடை இருந்து எரிஞ்சது எனக்குக் காணும்."

"திருச்சபை இப்ப விடுது. நீ எரியலாம்."

"விடுதெண்டால் நீங்கள் எரியுங்கோ."

பக்கத்துக் கல்லறையில் பூ நட்டுக்கொண்டிருந்த ஜெர்மன் கிழவர், வாளியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் அப்பால் போய்விட்டார். நல்லகாலம், அவருக்குத் தமிழ் தெரியாது. கடைசியில் மச்சாள் யோசப்பைப் பார்த்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"முந்திப் போறவளுக்குப் பெட்டி. பிந்திப் போறவளுக்குச் சட்டி. சம்மதமோ?"

"சம்மதம்."

கை குடுத்தோம். அவருடைய கை ஐஸ். கையுறை போடமாட்டார், பிடிவாதம்.

டிராமில் ஏறின பிறகுதான் யோசித்தேன். பெட்டி வேண்டுமென்றால் நான் இவளுக்கு முந்திச் சாகவேண்டும். செத்தால், என் செத்தவீட்டில் இவள் எனக்குச் செபமாலை சொல்லுவாள். என்னைப் பற்றி இவள் சொல்வதற்கு மறுத்துப் பேச ஆள் இருக்காது. நான் இருந்தால், கடைசியில் எரியவேண்டும். இதென்ன சம்மதம்? கள்ளி, வடிவாக மாட்டிவிட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். பின் பெட்டியில் அவரும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விரலை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இப்போதுதான் விளங்கியிருக்கிறது.

நல்லது.

9 டிசம்பர், சனி

கல் வந்துவிட்டது. சாம்பல் நிறம். நடுவில் யோசப். இடப்பக்கம் றீற்றா, வலப்பக்கம் பேர்பெச்சுவா. உயிரோடு இருக்கிறவர்களின் பேரைச் செதுக்கலாமோ என்று கல்வேலைக்காரன் இரண்டு தரம் கேட்டான். மச்சாள் அவனுக்கு ஜெனோவாக் கதையைத் தன் வாயாலேயே சொன்னார். முழந்தாளிட்டதையும் விடாமல். அவன் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவர் எனக்காகச் சொல்லவில்லை. ஆனாலும் நன்றாகத்தான் சொன்னார். இரண்டு இடத்தில் நானென்றால் இன்னும் மெருகேற்றியிருப்பேன்.

பிறந்த வருசம் என்ன போட என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்றோம். சனத்துக்கு அவர் சொல்லுகிற வயது எனக்குத் தெரியும். நான் சொல்லுகிற வயது அவருக்குத் தெரியும். கல்லில் அடித்தால் இரண்டு பேரும் கெட்டோம்.

லவினியா படம் பார்த்து அழுதாள். "என்னம்மா இது, உங்கடை பேரைப் பாக்கப் பயமாயிருக்கு." எனக்குப் பயமில்லை. செத்த பேருக்குப் பக்கத்தில் என் பேர், வெட்டு வடிவாய் இருக்கிறது. மச்சாளின் பேர் என்னுடையதைவிடச் சின்னது. அதுவும் வடிவு.

18 ஜனவரி 2007, வியாழன்

பெரும் புயல். ரயில் ஒன்றும் ஓடவில்லை. வேலையால் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். யன்னல் நடுங்குகிறது. சேமக்காலையில் மரங்கள் விழுந்திருக்குமோ? புதுக் கல்.

மேலே செருப்புச் சத்தம் இல்லை. காலையிலும் இல்லை. நேற்றுப் பின்னேரமும் இல்லை. இருமல் மட்டும் கேட்கிறது, நெஞ்சுக்குள் இருந்து வருகிற இருமல்.

முந்தப் பார்க்கிறாள்!

கொத்தமல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப்போட்டு, அவித்து எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். யோசப்பிடம் இருந்த திறப்பால் கதவைத் திறந்தேன். கட்டிலில் சுருண்டு கிடந்தார், முகம் நெருப்பு. டொக்டருக்குப் போன் எடுத்தேன். புயலில் வரமுடியாதாம், காய்ச்சல் குறையாவிட்டால் அம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்கள். என் மூன்று சொல் ஜெர்மனில் இதை எப்படி விளங்கினேன், எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "ஈரம்" என்றேன், மூச்சைச் சொல்ல. விளங்கிக்கொண்டார்கள்.

"குடியுங்கோ மச்சாள்."

"வேண்டாம்... நான் போறன்..."

"ஒரு இடமும் போகேலாது. குடியுங்கோ."

"பெட்டி எனக்கு..."

"உங்களுக்கு இப்ப பெட்டியுமில்லை சட்டியுமில்லை. வாயைத் திறவுங்கோ!"

திறந்தார். முகத்தைத் துடைத்தேன். கட்டிலுக்குக் கீழே மரச்செருப்பு. உள்ளே ஆள் இல்லாமல் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். பிறகு திருப்பி எடுத்துக் கட்டிலடியிலேயே வைத்தேன்.

21 ஜனவரி, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. கல்லுக்கு ஒன்றும் இல்லையாம். பென்ஜமின் அண்ணை போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். பக்கத்தில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடக்கிறதாம், எங்களுடையதைத் தொடாமல்.

27 ஜனவரி, சனி

எனக்குத் தொற்றிவிட்டது. இருமல், தலைப்பாரம். எழும்ப முடியவில்லை.

மேலே டக், டக், டக். படியில் டக், டக். கதவில் திறப்புச் சத்தம். கையில் கோப்பை, ஆவி பறக்கிறது.

"குடி. என்னை முந்தலாமெண்டு நினையாதை."

குடித்தேன். இஞ்சியை அள்ளிப் போட்டிருக்கிறாள், சீனி ஒரு துளி இல்லை. வேண்டுமென்றேதான்.